ஓர் எட்டு உள்ளே வாங்க: ஆம்பூர் தோல் உடுத்தும் பழைய ஜென்!

ஷூவின் மேல்பாகத்தை வளைத்து வளைத்துத் தைப்பதற்கென்றே பிறந்த மெஷின் அது. மேசைக்கு மேலே ஒரு சின்னத் தூண், தூணின் உச்சியில் ஊசி. போஸ்ட் பெட் மெஷின் என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் எந்த ஷூ கம்பெனிக்குள் போனாலும் இது வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பூர் பஜாரை ஒட்டிய சந்தில், பாதி தூக்கிய ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒற்றை மெஷினில் இப்போது ஓடுவது ஷூ இல்லை. 2001 மாடல் மாருதி ஜென்னின் கியர் பூட்!

ஆமாம், கியர் லீவரின் அடியில் பாவாடை மாதிரி சுருங்கி நிற்குமே, அதேதான். பழுப்பு நிற ஆட்டுத்தோல், வெள்ளை நூல், நான்கு பக்கமும் பிசிறில்லாத மடிப்பு. தைப்பவர் ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக அப்பர் தைத்த அக்கா. "காருக்குத் தைக்கிறது ஷூவை விட லேசு தம்பி, இது நடக்கப் போறதில்லையே" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பல்லால் கடிக்கிறார். எனக்குக் கை பரபரக்கிறது. இந்தச் சந்தோஷத்தை நான் மட்டும் வைத்துக்கொள்வதா? வாங்க, ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடலாம்!

ஏன் ஜென்?

புது ஸ்கூட்டர் விலைக்குள் அடங்கிய கார் என்பது முதல் காரணம். கையால் கியர் போடும் கார் என்பது இரண்டாவது. மூன்றாவதும் முக்கியமானதும்: பானெட்டுக்குள் இருப்பது முழு அலுமினிய எஞ்சின். 993 சிசி, நான்கு சிலிண்டர். 1993இல் மாருதி ஜென் வந்தபோது, இங்கே ஓடிய சின்னக் கார் என்றால் மாருதி 800தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். ஜென் ஐந்து கியரோடு வந்தது. ஐரோப்பாவுக்கு சுசூகி ஆல்டோ என்ற பெயரில் கப்பலேறியதும் இதே கார்தான். எடை முக்கால் டன்னை ஒட்டித்தான் இருக்கும். கடைசியில் வந்த எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினின் சக்தி 60 குதிரை. எண்ணிக்கை கம்மியாகத் தோன்றும். ஆனால் முக்கால் டன்னை 60 குதிரை இழுக்கும்போது இரண்டாவது கியரில் வருகிற துள்ளலைக் காகிதத்தில் எழுத முடியாது.

2006இல் பழைய ஜென்னின் உற்பத்தி நின்றது. மாருதி 800 இன்னும் தாக்குப்பிடித்தது. 1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்ற டெல்லிக்காரரின் கையில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்ததில் தொடங்கிய கதை, 2014 ஜனவரியில் முடிந்தது. இந்த இரண்டு கார்களையும் பிரித்து மாட்டியே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கற்றார்கள். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை எந்த ஒர்க்ஷாப்பில் நிறுத்தினாலும், "ஜென்னா? வுடு, பாத்துக்கலாம்" என்று சொல்ல ஓர் அண்ணன் இருக்கிறார். ப்ராஜெக்ட் காருக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்?

ஜென்தான் வேண்டும் என்றில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாய் சான்ட்ரோ, 2005இன் முதல் ஸ்விஃப்ட், 2010இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஃபிகோ எல்லாமே இந்த விளையாட்டுக்கு ஏற்றவை. மூன்று பெடல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை!

காந்தமும் கைவிளக்கும்

தோலுக்குப் போவதற்கு முன்னால் இரும்பைப் பார்த்துவிடுவோம். பழைய கார் வாங்கப் போகிறவர் பையில் இரண்டே சாமான் போதும். ஒன்று, துணி சுற்றிய சின்னக் காந்தம். இன்னொன்று, கைவிளக்கு.

கதவின் அடிப்பக்கம், பின் சக்கர வளைவு, ரன்னிங் போர்டு ஆகிய இடங்களில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வந்தது திடீரென்று நழுவினால் அங்கே பெயின்டுக்கு அடியில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. யாரோ துருவை மூடி அழகாகத் தேய்த்திருக்கிறார்கள். கைவிளக்கை எடுத்துக்கொண்டு பேட்டரி தட்டுக்கு அடியிலும், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியிலும், மிதியடியைத் தூக்கித் தரையிலும் பாருங்கள். எஞ்சின் கெட்டால் இன்னொன்று போடலாம். தரை அழுகிப்போன காரைக் காப்பாற்றுவது செலவு பிடிக்கும் வேலை.

துரு இல்லாத கார் கிடைத்துவிட்டதா? டைமிங் பெல்ட்டை உடனே மாற்றுங்கள். முன்பு வைத்திருந்தவர் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் மாற்றுங்கள். அடுத்து பெட்ரோல் ஹோஸ்கள். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபத்தைந்து வருஷத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ் போட்டால் மனசு நிம்மதி. பிரேக் பேட், பின்பக்க டிரம் ஷூ, பிரேக் ஆயில், சாக்கப்சர், லோயர் ஆர்ம் புஷ் என்று வரிசையாக முடியுங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கைக்கு எல்லாம் தெரியும்!

கியருக்கு மறுபிறவி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தே ஆக வேண்டும். பழைய மாருதியில் கியர் லீவரை நியூட்ரலில் வைத்து ஆட்டிப் பாருங்கள். கரண்டி போட்ட சாம்பார் வாளிதான்! மூன்றாவது எங்கே, ஐந்தாவது எங்கே என்று கை தேடும். பலரும் கியர்பாக்ஸ் போச்சு என்று காரையே விற்றுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் கியர்பாக்ஸ் போயிருக்காது. லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை காரின் அடியில் ஒரு ராடு ஓடுகிறது. அந்த ராடு சேரும் மூட்டுகளில் விரல் நுனி அளவு புஷ்கள் உட்கார்ந்திருக்கும். வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்து அவை தேய்ந்து நொறுங்கிப்போகும். காரை ராம்ப்பில் ஏற்றி, மெக்கானிக் அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பழைய புஷ் தூளாக உதிர்ந்து விழுகிறது. அந்த இடத்தில் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, புதுசை அழுத்துகிறார். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் வேலை.

கீழே இறக்கி லீவரில் கை வைக்கிறேன். முதல், இரண்டு, மூன்று... ஒவ்வொன்றும் அதனதன் வாசலில் நிற்கிறது! இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நியூட்ரலைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் கை தானாகவே நேராகிறது. இந்தக் காரில் செய்த வேலைகளிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான், மிகப் பெரிய மாற்றமும் இதுதான். கிளட்ச் கேபிளையும் அதோடு மாற்றிவிட்டால் இடது கால், இடது கை இரண்டும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

டயருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜென்னின் சொந்த அளவு 145/70 ஆர்13. இந்தக் காரில் போட்டது 155/65 ஆர்13. டயரின் அகலம் 10 மில்லிமீட்டர் கூடுகிறது. சக்கரத்தின் மொத்த விட்டமோ ஒன்றரை மில்லிமீட்டர்தான் மாறுகிறது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வளைவில் பக்கவாட்டில் இடிக்காது.

இப்போது தோல்!

வந்துவிட்டோம், எல்லோரும் காத்திருந்த இடத்துக்கு!

முதலில் ஒரு கேள்வி. இந்த ஊரில் இத்தனை தையல் கைகள் எப்படி வந்தன? வட ஆற்காடு ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைக் கப்பலேற்றிய சீமை. கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற அந்தச் சரக்குக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. 1970களில் மத்திய அரசு, பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, முழுப் பொருளாகச் செய்து அனுப்புங்கள் என்றது. பதனிடும் ஊர் தைக்கும் ஊராகவும் ஆனது அதற்குப் பிறகுதான். கிளிக்கிங் (தோல் வெட்டுவது), ஸ்கைவிங் (ஓரத்தை மெலிதாக்குவது), ஸ்டிச்சிங், லாஸ்டிங் (அச்சில் இழுத்து மாட்டுவது) என்று பிரிவு பிரிவாக வேலை. தையல் வரிசைகளில் பெரும்பாலும் பெண்கள். வெளிநாட்டுக் கடைகளின் அலமாரியில் இருக்கும் எத்தனையோ ஷூக்களில் ஓடும் தையல், நம்ம ஊர் அக்காக்களின் தையல்!

சரி, காருக்கு எந்தத் தோல்? தோல் கடை பாய் மேசையில் மூன்று ரகத்தை விரிக்கிறார். "சீட்டுக்கு மாட்டுத்தோல் எடுங்க தம்பி, மெல்லிசா இருக்கக் கூடாது. ஸ்டியரிங்குக்கு ஆடு போதும்." ஆட்டுத்தோல் ஒன்று நான்கைந்து சதுர அடிதான் தேறும். மெலிசு, இழுத்தால் வளையும், ஸ்டியரிங் வளையத்தில் சுருக்கமில்லாமல் உட்காரும். சீட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கனம் வேண்டும்.

அடுத்து பதனிட்ட முறை. வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இது முக்கியம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு அதைவிடப் பல டிகிரி ஏறும். குரோமில் பதனிட்ட தோல், ஈரத்தோடு சூடேறினாலும் 100 டிகிரி பக்கம் வரை சுருங்காமல் தாங்கும். பட்டையில் பதனிட்டது அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். ஆகவே சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் குரோம் தோல். கறுப்பு நிறம் வேண்டவே வேண்டாம். மதியம் உட்கார முடியாது! வெளிர் பழுப்பு எடுத்து, நடுப்பகுதிக்கு மட்டும் பொடித் துளை போட்ட தோல் வைத்தால் முதுகில் காற்று புகும்.

பாய் காட்டிய ஒரு சோதனை என்னை மயக்கிவிட்டது. தோலை முகம் உள்பக்கமாக இருக்கும்படி விரலால் மடிக்கிறார். முதுகுப் பகுதியில் பொடிப்பொடியான கோடுகள் விழுந்து, விட்டதும் மறைகின்றன. வயிற்றுப் பகுதியில் மடித்தால் பெரிய பெரிய சுருக்கம், மேல்தோல் தனியாகக் கழன்று நிற்கிறது. "இது பெல்லி. உட்கார்ற எடத்துல போட்டீங்கன்னா ஆறு மாசத்துல தொள தொளன்னு ஆயிடும்." முதுகுத்தோல் உட்காரும் இடத்துக்கு, வயிற்றுத்தோல் சீட்டின் பின்புறத்துக்கும் கண்ணில் படாத ஓரத்துக்கும். வீணாக ஒன்றும் போகாது.

இன்னொரு விஷயத்தையும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். இந்தத் தோலுக்குப் பாலாறு கொடுத்த விலை பெரியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அந்தத் தண்ணீரையும் மண்ணையும் நினைத்தால் ஒரு சதுர அடியைக்கூட வீணாக்க மனசு வராது. அதனால் ஜென்னுக்கு எடுத்தது ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய ஸ்டாக் லாட். நிறத்தில் இம்மி வித்தியாசம் என்று ஒதுங்கிய தோல். காருக்குள் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது?

ஊசியின் கணக்கு

பழைய சீட் உறையைக் கிழிக்கக் கூடாது! தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, எந்த ஓரம் எதோடு சேருகிறது என்று கோடு போட்டு, அட்டையில் வரைந்து வெட்டுகிறார் அக்கா. இதுதான் பேட்டர்ன். அமுங்கிப்போன பஞ்சில் புதுசு ஒட்டி வைத்து, அதன் மேல் அட்டையை வைத்துப் பார்க்கிறார். பிறகு தோலில் வெட்டு.

வெட்டிய துண்டின் ஓரத்தை மட்டும் ஸ்கைவிங் மெஷினில் விடுகிறார். ஓரம் பாதியாக மெலிகிறது. அப்படி மெலிந்தால்தான் மடித்துத் தைத்தபின் தடிப்பாக உறுத்தாது. இது ஷூ தொழில் கற்றுக்கொடுத்த பாடம். சாதாரண சீட் கவர் கடைகளில் நான் பார்த்தது மடிப்பு மேல் மடிப்பாகத் தைத்ததுதான். தொடையில் கோடு விழும்.

தையலில்தான் ரகசியம். ஷூவில் தையல் நெருக்கமாக இருந்தால் அழகு. சீட்டில் அதையே செய்தால், ஊசித்துளைகள் நெருங்கி நெருங்கி, தபால்தலை ஓரம் கிழிவது மாதிரி தோல் ஒரே கோட்டில் கிழிந்துவிடும். அதனால் தையலை நீளமாக்கி, கனமான பாலியெஸ்டர் நூல் போட்டு, சேர்ந்த ஓரத்தின் இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு ஓட்டுகிறார். வளைவு வரும்போது மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி, தோலை ஒரு நூலளவு திருப்பி, மறுபடியும் நாலு தையல். கண் எடுக்க முடியவில்லை!

ஸ்டியரிங்குக்கு மெஷின் கிடையாது. கைத்தையல்தான். இரண்டு ஓரத்திலும் சம இடைவெளியில் துளை, நடுவில் குறுக்கே குறுக்கே நூல். தோல் வளையத்தின் சுற்றளவைவிட ஒரு சுண்டு அளவு சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். இழுத்துத் தைத்தால்தான் இறுகும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜென்னின் சீட்டில் ஏர்பேக் இல்லை. இன்றைய கார்களில் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அந்தத் தையல் கோடு விபத்தில் பிரிந்து வழிவிட வேண்டும். அதை மூடித் தைக்கவே கூடாது. சீட் பெல்ட்டையும் அதன் போல்ட்டையும் எந்தக் காரிலும் தொட வேண்டாம்.

எட்டணா எஞ்சினில் எட்டாத உயரம்

சின்ன மாருதி எஞ்சின் எங்கே வரை போகும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம்ம மாநிலத்தின் ஒரு கதை. கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அவை பேர் வாங்கின. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் ஃபார்முலா மாருதியில் தன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்! கரிவர்தனின் பெயரில் கோவையில் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இங்கே வேலூரிலும் வி.ஐ.டி. மாணவர்கள் பிரவேகா ரேசிங் என்ற பெயரில் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார்களைத் தாங்களே கட்டுகிறார்கள். கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சட்டத்தின் கோடு எங்கே?

சீட்டை மாற்றித் தைக்கலாம், ஸ்டியரிங்குக்குத் தோல் போடலாம், புஷ் மாற்றலாம். காரின் அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. நிறத்தை மாற்றுவதென்றால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். காது கிழியும் சைலன்சரை நினைக்கவே வேண்டாம்.

வாங்கும்போதே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் பாக்கி இல்லை என்ற அத்தாட்சி, இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் மூன்றையும் முடியுங்கள். வேலூருக்கு டி.என். 23, ராணிப்பேட்டைக்கு 73, வாணியம்பாடிக்கு 83. எந்த எண்ணாக இருந்தாலும் 15 வருஷம் முடிந்த கார் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025இல் இன்னும் ஏறியது. விலை பேசும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏலகிரியில் தேர்வு

தையல் முடிந்த காரை எங்கே ஓட்டிப் பார்ப்பது? கேள்வியே வேண்டாம், ஏலகிரிதான்! பொன்னேரியில் மலையடிவாரம், மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், உள்ளங்கையில் ஆட்டுத்தோலின் பிடி, தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தும் புது பஞ்சு, சக்கரம் எங்கே திரும்புகிறது என்று விரல்களுக்கே தெரிகிற ஸ்டியரிங். ஹாரன் கொடுத்து, நிதானமாக ஏறினாலே போதும். இறங்கும்போது மேலே ஏறுகிறவர்களுக்கு வழிவிடுங்கள். வேகம் தேவையே இல்லை. ஒவ்வொரு கியரும் வாய்விட்டுப் பேசுகிறது!

இத்தனையும் பார்த்தபின் என் முடிவு இது. பழைய ஹேட்ச்பேக்கில் பணம் போட வேண்டிய இடம் இரண்டு. முதலில் கார் பத்திரமாக நிற்பதற்கும் திரும்புவதற்கும். அடுத்து நம் கை, முதுகு, தொடை தொடுகிற இடங்களுக்கு. ஸ்பாய்லரும் பளபள லைட்டும் மூன்றாவது மாசம் அலுத்துவிடும். நல்ல கியரும் நல்ல தோலும் தினமும் காரில் ஏறும்போது கிடைக்கிற பரிசு.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களே, ஆன்லைனில் ரெடிமேட் ரெக்சின் கவர் ஆர்டர் போடுவதற்கு முன்னால் உங்கள் தெருவைச் சுற்றி ஒரு விசாரணை போடுங்கள். ஷூ கம்பெனியில் தைத்த ஓர் அக்காவோ பாயோ கண்டிப்பாக இருப்பார்கள். வேலையைக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.